காட்டு ஈஸ்ட்டைப் பிடித்து வளர்க்கும் முறை

பீர் தயாரிக்க நீர், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ ஆகிய மூன்றோடு, சர்க்கரையை உண்டு சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும் ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சையும் தேவை. முதல் மூன்றைப் போலவே ஈஸ்ட்டையும் இன்று பொட்டலமாக வாங்க முடிகிறது என்றால், கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே செல்லிலிருந்து பெருகிய தூய வளர்ப்பைக் கொண்டு பீர் தயாரிக்க வழிகண்டதே அதற்குக் காரணம். அதற்கு முந்தைய காலம் முழுவதும் மக்கள் காற்றிலும் பழத்திலும் பாத்திரத்தின் விரிசலிலும் வாழ்ந்த ஈஸ்ட்டைக் கொண்டோ, முந்தைய தயாரிப்பின் மண்டியைக் கொண்டோதான் நொதிக்கவைத்தனர். அந்தப் பழைய வழியை, ஹான்சனின் தூய்மை முறையையும் கைவிடாமல், வீட்டுச் சமையலறையின் அளவில் எவ்வாறு மேற்கொள்வது என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

தொடங்குமுன் சட்டநிலையை அறிந்துகொள்வது அவசியம். பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிப்பதற்கான உரிமக் கட்டாயம் 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கான தயாரிப்பைக் கூட்டாட்சி வரியிலிருந்து விடுவித்தது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றமாகும். எனவே பீர் தயாரிப்பு தொடர்பான பகுதிகள் அது அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வாழ்பவருக்கே பொருந்தும். அனுமதி இல்லாத இடத்தில் உள்ளவர், தட்டில் பிரிக்கும் முறையையும் சேமிக்கும் முறையையும் நுண்ணுயிரியல் பயிற்சியாகப் படித்துக்கொள்ளலாம்.

அடிப்படைக் கொள்கை

ஒரு திராட்சைப் பழத்தின் தோலில் ஈஸ்ட் மட்டும் இருப்பதில்லை; பலவகைப் பாக்டீரியாக்கள், பூஞ்சணங்கள், பீருக்கு உதவாத ஈஸ்ட் இனங்கள் ஆகியவையும் அதில் குடியிருக்கின்றன, பெரும்பாலும் எண்ணிக்கையில் அவையே மிகுதி. ஆகவே எந்தப் பொருளை இனிப்பு நீரில் இட்டாலும் ஏதோ ஒன்று வளர்ந்துவிடும். வேண்டியது வளர்வதும் வேண்டாதது ஒடுங்குவதும், அந்த நீருக்குத் தயாரிப்பவர் அமைத்துத் தரும் சூழலைப் பொறுத்தவை. புளிப்பு, கசப்பு, சாராயம், காற்றின்மை ஆகிய நான்கும் பீருக்கு ஏற்ற ஈஸ்ட் தாங்கிக்கொள்ளக்கூடியவை. அதன் போட்டியாளர்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது வீழ்ந்துவிடும். காட்டு ஈஸ்ட்டைப் பிடிக்கும் கலை முழுவதும் இந்தத் தேர்வில்தான் அடங்கியிருக்கிறது. பிடிக்கும் நாளிலும் பெருக்கும் நாளிலும் சேமிக்கும் நாளிலும் செய்ய வேண்டியது இதுவே.

சூழலை மாற்றினால் விளைவும் மாறும் என்பதைப் பனையேறிகள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். பாளையிலிருந்து சொட்டும் சாறு, முந்தைய நாளின் மண்டி ஒட்டியிருக்கும் கலயத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. அதே சாறு உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால், சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தடுப்பதால், இனிப்பு மாறாத பதநீராக நிற்கிறது. மரமும் சாறும் ஒன்றே. கலயத்தின் உட்சூழல்தான் வேறு.

பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கேயுள்ள பாயோட்டன்லாந்து வட்டாரத்திலும் இன்றும் தயாராகும் லாம்பிக் பீர், இதே கொள்கை நீண்ட காலப்போக்கில் இயங்குவதைக் காட்டுகிறது. 1900இல் தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலையில், கொதித்து இறக்கிய சாற்றை மேல்தளத்திலுள்ள ஆழமற்ற அகன்ற செம்புத் தொட்டியில் ஓரிரவு திறந்துவைத்து ஆறவிட்டு, பிறகு மரப்பீப்பாய்களில் நிரப்புகிறார்கள். குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இவ்வேலை நடக்கிறது. அந்தச் சாற்றில் முதல் சில வாரங்கள் குடல்வகைப் பாக்டீரியாக்களும் வலுவற்ற ஈஸ்ட்களும் பெருகுகின்றன. புளிப்பும் சாராயமும் ஏற ஏற அவை மடிந்து, சாக்கரோமைசிஸ் எனப்படும் முதன்மை ஈஸ்ட் பேரினம் சில மாதங்கள் ஆள்கிறது. அதன்பின் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும், இறுதியில் பிரெட்டனோமைசிஸ் என்னும் மெதுவாக வளரும் ஈஸ்ட்டும் தலையெடுக்கின்றன. லாம்பிக் முதிர ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகிறது. வீட்டில் தயாரிப்பவர் அவ்வளவு காலம் காத்திருக்காமல், லாம்பிக் பீப்பாயில் தானாக நேரும் தேர்வைத் தம் கையால் விரைவுபடுத்த முடியும்.

ஈஸ்ட் வாழும் இடங்கள்

சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ரொட்டி, பீர், ஒயின் ஈஸ்ட் எல்லாப் பழத்தோலிலும் நிறைந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். இத்தாலியத் திராட்சைத் தோட்டங்களை ஆராய்ந்த மார்ட்டிமர், போல்சினெல்லி ஆகியோர் 1999இல் வெளியிட்ட முடிவுப்படி, சிதையாத பழங்களில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றில்தான் அது இருந்தது. தோல் வெடித்த பழங்களிலோ நான்கில் ஒன்றில் இருந்தது. வெடித்த பழத்தில் கசியும் சர்க்கரையை நாடிவரும் பூச்சிகள் ஈஸ்ட்டைச் சுமந்து வருவதே இதற்குக் காரணம். இத்தாலியில் சமூகக் குளவிகளின் குடலில் இந்த ஈஸ்ட் குளிர்காலத்தைக் கழித்து அடுத்த தலைமுறைக் குளவிகளுக்கும் செல்கிறது என்பது 2012இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆகவே பூச்சி தீண்டி இலேசாக வெடித்த, ஆனால் அழுகாத, மருந்து தெளிக்காத பழமே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

பழத்துக்கு அடுத்தபடியாக ஓக் மரப்பட்டையும் அதன் அடியிலுள்ள மண்ணும் நம்பத்தக்க இடங்கள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கிருந்து செரிவிசியேயும், அதன் நெருங்கிய உறவான சாக்கரோமைசிஸ் பாரடாக்சஸும் பலமுறை பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. லாகர் பீரின் கலப்பின ஈஸ்ட்டுக்குப் பெற்றோரில் ஒன்றான சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்னும் குளிர்தாங்கி இனம்கூட, அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் தென்பீச் மரங்களோடு இணைந்து வாழ்வது 2011இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. தேன் மிகுந்த பூக்கள், பதப்படுத்தாத தேன், உதிர்ந்த ஓக் காய்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பூவையும் காயையும் எடுக்குமுன் அது நச்சற்றது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரளி போன்ற நச்சுச் செடிகளைத் தொடவே கூடாது. சாலையோரச் செடிகளையும், செல்லப்பிராணிகள் நடமாடும் இடத்து மண்ணையும் தவிர்ப்பது நலம்.

தேர்வு ஊடகம் தயாரித்தல்

நுண்ணுயிர் வளர்வதற்காகத் தயாரிக்கப்படும் உணவுக் கரைசலுக்கு ஊடகம் என்று பெயர். இங்கே மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறே ஊடகம். எளிமைக்காக, அந்தச் சாற்றை வற்றவைத்துப் பொடியாக்கி விற்கும் உலர் மால்ட் சாரத்தைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு வேண்டியவை வருமாறு:

1. உலர் மால்ட் சாரம் 100 கிராம், கரைத்த பின் மொத்தம் ஒரு லிட்டர் வருமளவுக்கு நீர். இதன் ஒப்படர்த்தி, அதாவது அதே கனஅளவு தூய நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்னும் அளவு, ஏறத்தாழ 1.037 ஆக இருக்கும்.
2. ஹாப் வில்லை சுமார் ஒரு கிராம், அரைமணி நேரம் கொதிக்கவைக்க. ஹாப்பின் கசப்புப் பொருள் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களில் பலவற்றை ஒடுக்கும். ஈஸ்ட்டை அது பாதிப்பதில்லை.
3. உணவுத் தரமுள்ள லாக்டிக் அமிலம், துளித்துளியாக, ஊடகத்தின் பிஎச் 4.2க்கும் 4.5க்கும் இடையே வரும்வரை. பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். கடையில் கிடைக்கும் பிஎச் தாள் இதற்குப் போதும்.

பிஎச்சைக் குறைப்பது இந்தப் பட்டியலில் மிகவும் முக்கியமான படியாகும். சாதாரண மால்ட் சாற்றின் பிஎச் ஐந்துக்கு மேல் இருக்கும். அந்நிலையில் முதல் நாள்களில் குடல்வகைப் பாக்டீரியாக்கள் பெருகித் தீய மணத்தையும், உடலுக்கு ஒவ்வாத அமைன் சேர்மங்களையும் உண்டாக்கும். 4.5க்குக் கீழே அவை வளர்வது பெரிதும் தடைபடுகிறது.

கொதித்த ஊடகத்தை 150 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளில் நூறு மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, மூடியைத் தளர்த்திவைத்து, பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில், அதாவது 121 டிகிரி செல்சியஸில், 15 நிமிடம் வைத்தால் அதிலுள்ள உயிர்கள் அனைத்தும் வித்துநிலையில் உள்ளவை உட்பட அழியும். வெறுமனே கொதிக்கவைத்த சாற்றை மூடி அறைவெப்பத்தில் நாள்கணக்கில் சேமிப்பது ஆபத்து. போட்டுலிசம் என்னும் உயிர்க்கொல்லி நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையைத் தாங்கிக்கொண்டு, புளிப்பற்ற, காற்றில்லாத மூடிய குப்பியில் முளைக்கக்கூடும்.

பிடித்தல்

ஆறிய குப்பிகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்துப் பொருளைச் சிறிதளவே இட வேண்டும்: ஒரு திராட்சைப் பழம், இரண்டு மூன்று பூவிதழ்கள், விரல்நகம் அளவு மரப்பட்டை. மிகுதியாக இட்டால் பூஞ்சண வித்துகளும் மண்ணும்தான் மிகுதியாக வரும். ஆறு முதல் பத்துக் குப்பிகள் வரை வைப்பது நல்லது. அவற்றில் பாதி வீணாகும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். அவற்றோடு எதுவும் இடாத ஒரு குப்பியைத் திறந்து, மற்றவற்றைப் போலவே கையாண்டு, மூடிவைக்க வேண்டும். இதற்கு ஒப்பீட்டுக் குப்பி என்று பெயர். அது தெளிவாகவே இருந்தால் மற்றக் குப்பிகளில் வளர்வது காட்டிலிருந்து வந்தது என்று நம்பலாம். அதுவும் நுரைத்தால், சமையலறையிலேயே உலவும் ரொட்டி ஈஸ்ட்டோ பழைய தயாரிப்பின் ஈஸ்ட்டோ எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது என்று கொண்டு, அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

காற்றிலிருந்து பிடிக்க விரும்புபவர், ஊடகத்தை அகன்ற தட்டில் ஊற்றி, மெல்லிய மஸ்லின் துணியால் மூடிக் கட்டி, பழமரத்தின் அடியிலோ பூச்செடிகளின் அருகிலோ ஓரிரவு வைத்து, விடிவதற்குள் உள்ளே எடுத்துக் குப்பியில் ஊற்றலாம். துணி கட்டுவது பூச்சிகளைத் தடுப்பதற்கு. பழ ஈக்கள் காலில் சுமந்து வரும் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா சாராயத்தைக் காடியாக மாற்றிவிடும். பகல் வெப்பம் இதற்கு உகந்ததல்ல, பத்து டிகிரிக்கும் குறைவான குளிரிரவே ஏற்றது.

இட்ட பிறகு, ஏர்லாக் எனப்படும் நீர்ப்பூட்டைப் பொருத்த வேண்டும். இது உள்ளிருந்து வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே வராதிருக்கவும் செய்யும் வளைந்த குழாய். அது இல்லாவிடில் மூடியைத் தளர்வாகத் திருகி வைக்கலாம். இறுக மூடிய குப்பி கரியமில வாயுவின் அழுத்தத்தால் வெடித்துவிடும். குப்பிகளை 20 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

கண்காணித்தல்

முதல் இரண்டு நாள்களில் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே தெளிந்த சாறு மெல்லக் கலங்கும். பழத்தின் வெடிப்பிலிருந்து நூல் போன்ற வரிசையில் சிறு குமிழிகள் எழுந்து கண்ணாடியோரத்தில் வெண்வளையமாகக் கூடும். குப்பியைச் சற்றுச் சுழற்றினால் நுரை விரைந்து எழும். சில நாள்களுக்குப் பின் அடியில் பாலேடு நிறத்தில் மண்டி படியத் தொடங்கும். இந்த நான்கு அடையாளங்களும் சேர்ந்து தோன்றினால் ஈஸ்ட் வளர்கிறது என்று கொள்ளலாம். கலங்கல் மட்டும் இருந்து மண்டி படியாவிட்டால் பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பே மிகுதி.

மேற்பரப்பில் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறங்களில் பஞ்சு போன்ற வளர்ச்சி தோன்றினால் அது பூஞ்சணம். அதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்ற முயலக் கூடாது, ஏனெனில் சில பூஞ்சணங்களின் நச்சு சாற்றில் கரைந்திருக்கும். அத்தகைய குப்பியை அப்படியே அகற்றிவிட வேண்டும். வெண்மையான, மடிப்புவிழுந்த மென்படலம் மட்டும் படர்ந்திருந்தால் அது காற்றை நாடும் படல ஈஸ்ட்டாக இருக்கலாம். அது ஆபத்தற்றது எனினும் பீருக்குப் பயன்படுவதில்லை.

நுகர்ந்து பார்ப்பதும் ஒரு சோதனை. வாழை, அன்னாசி, ஆப்பிள் போன்ற பழமணமும், கிராம்பு மணமும் நல்ல அடையாளங்கள். கிராம்பு மணம், மால்ட்டிலுள்ள ஃபெருலிக் அமிலத்தைக் காட்டு ஈஸ்ட்கள் 4-வினைல்குவையகால் என்னும் சேர்மமாக மாற்றுவதால் வருவது, காட்டு இனங்களில் மிகப் பரவலானது. நகப்பூச்சு நீக்கியின் கார மணம் ஹான்செனியஸ்போரா, பிச்சியா முதலிய பழத்தோல் ஈஸ்ட்கள் உண்டாக்கும் எத்தில் அசிட்டேட்டுக்கு உரியது. மலமணம், வாந்திமணம், அழுகிய காய்கறி மணம் ஆகியவை பாக்டீரியாவைச் சுட்டுவதால், அத்தகைய குப்பிகளுக்கு இடமே இல்லை.

இரண்டு வாரத்துக்குப் பின் ஹைட்ரோமீட்டரால் ஒப்படர்த்தியைப் பார்க்க வேண்டும். நுகர்ச்சியால் தெரியாத ஒன்றை இந்த அளவீடு சொல்லிவிடும். மால்ட் சாற்றின் சர்க்கரையில் பாதியளவு மால்ட்டோஸ். குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரையின் பங்கு அதைவிடச் சிறியது. பழத்தோலில் வாழும் ஈஸ்ட்களில் பல, எளிய சர்க்கரையை மட்டும் உண்டுவிட்டு மால்ட்டோஸைத் தொடாமலே நின்றுவிடுகின்றன. 1.037இல் தொடங்கிய குப்பி நன்றாக நுரைத்த பிறகும் 1.032இலேயே நின்றால் அது இந்த வகை, 1.012க்குக் கீழே இறங்கியிருந்தால் மால்ட்டோஸை உண்ணும் ஈஸ்ட் அகப்பட்டுவிட்டது.

எந்தக் குப்பியின் சாற்றையும் இந்நிலையில் சுவைக்கக் கூடாது. பூஞ்சணமோ தீய மணமோ இல்லாதிருத்தல், பிஎச் 4.5க்குக் கீழே இருத்தல், இரண்டு சதவீதத்துக்கு மேல் சாராயம் உண்டாகும் அளவுக்கு ஒப்படர்த்தி இறங்கியிருத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறிய வளர்ப்பை மட்டுமே அடுத்த படிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; சுவைத்தல் அதற்கும் பிறகு, பிரித்தெடுத்த ஈஸ்ட்டால் தயாரித்த சோதனைப் பீரில் நிகழட்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் காட்டு வளர்ப்பால் ஆன எதையும் அருந்தாதிருப்பதே பாதுகாப்பு.

இரண்டாம் தேர்வு

தேறிய குப்பியின் அடிமண்டியிலிருந்து ஐந்து மில்லிலிட்டர் எடுத்து, நூறு மில்லிலிட்டர் புதிய ஊடகத்தில் சேர்க்க வேண்டும். இம்முறை ஊடகம் ஆறிய பிறகு, லிட்டருக்கு 125 மில்லிலிட்டர் வீதம் 40 சதவீதச் சாராயமுள்ள வோட்காவைக் கலந்தால் கரைசலில் சாராயம் நான்கு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். பழத்தோல் ஈஸ்ட்கள் பலவற்றுக்கு இந்த அளவே தாங்க முடியாதது. சாக்கரோமைசிஸ் இதை எளிதாகக் கடந்துவிடும். ஓக் காடுகளில் ஈஸ்ட் தேடும் ஆய்வாளர்களும் சாராயம் கலந்த ஊடகத்தையே பயன்படுத்துகின்றனர். வளர்ச்சி முதல் முறையைவிடத் தாமதமாகத் தொடங்கலாம். பத்து நாள்கள் வரை பொறுத்திருக்கலாம்.

தட்டில் பிரித்தல்

இரண்டாம் தேர்வுக்குப் பின்னும் குப்பியில் பல இனங்கள் கலந்தே இருக்கும். கலப்பாகவே பயன்படுத்தினால் அவற்றின் விகிதம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். ஒருமுறை கிடைத்த சுவை மறுமுறை கிடைக்காது. ஒரே செல்லின் வழித்தோன்றல்களை மட்டும் பிரித்தெடுக்கத் திண்ம ஊடகம் தேவை. முன்சொன்ன மால்ட் கரைசலில், அமிலம் சேர்க்காமல், லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் வரை கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் தூளைக் கலந்து, குக்கரில் 15 நிமிடம் வைத்து, 50 முதல் 55 டிகிரி வரை ஆறியதும், 9 சென்டிமீட்டர் பெட்ரி தட்டுகளில் 20 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால் அது கட்டியாக உறையும். அமிலத்தோடு சூடாக்கினால் அகார் உறையும் வலிமையை இழக்கும் என்பதால்தான் அமிலம் விலக்கப்படுகிறது.

தட்டில் கோடிழுக்கும் முறையை நிதானமாகப் பயில வேண்டும். கதவு, சன்னல், மின்விசிறி அனைத்தையும் அடைத்து, மேசையைச் சாராயத்தால் துடைத்து, அது முற்றிலும் உலர்ந்த பிறகு ஸ்பிரிட் விளக்கை ஏற்ற வேண்டும். நுனியில் சிறு வளையமாக முறுக்கிய கம்பியைச் சுடரில் செக்கச்சிவக்கக் காட்டி, தட்டின் ஓரத்து அகாரில் தொட்டு ஆறவைத்து, மண்டியில் தோய்த்து, தட்டின் நான்கில் ஒரு பகுதியில் நெருக்கமாக முன்னும் பின்னும் கோடிழுக்க வேண்டும். மீண்டும் கம்பியைச் சுட்டு ஆற்றி, முதற்பகுதியின் முனையை இரண்டு மூன்று முறை மட்டும் தொட்டு, இரண்டாம் பகுதிக்குள் இழுக்க வேண்டும். அவ்வாறே மூன்றாம், நான்காம் பகுதிகளுக்கும். ஒவ்வொரு முறையும் சுடுவதால் கம்பியில் ஒட்டும் செல்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து, நான்காம் பகுதியில் செல்கள் ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியே விழுகின்றன. அகாரின் மேல் கம்பி வழுக்கிச் செல்ல வேண்டும், உழுதுவிடக் கூடாது. தட்டின் மூடியை முழுதும் திறக்காமல், கம்பி நுழையும் அளவுக்குத் தூக்கினால் போதும்.

தட்டைத் தலைகீழாக, நீராவித் துளிகள் வளர்ச்சியின் மேல் சொட்டாதபடி, 25 டிகிரியில் வைத்தால் இரண்டு முதல் நான்கு நாள்களில் தனித்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லிலிருந்து பெருகிய காலனி. பாலேடு நிறத்தில், ஒளி ஊடுருவாமல், வழவழப்பாகவும் சற்றுக் குவிந்தும், இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் குறுக்களவில் இருப்பவை பெரும்பாலும் ஈஸ்ட். மிகச் சிறியனவாகப் பளபளப்போடு ஒளி ஊடுருவத் தெரிபவை பாக்டீரியா. மயிர் போல் விரிபவை பூஞ்சணம். ஒரு வாரத்துக்குப் பிறகே எட்டிப்பார்க்கும் சிறு காலனிகளைக் கொட்டிவிட அவசரப்படக் கூடாது. கார்ல்ஸ்பெர்கிலேயே பணியாற்றிய கிளாசன் 1904இல் ஆங்கிலேயப் பழம்பீர்களில் கண்டறிந்து அறிவித்த பிரெட்டனோமைசிஸ் அப்படித்தான் மெதுவாக வளரும். தோற்றத்தில் வேறுபடும் காலனிகளில் நான்கைந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் புதிய தட்டில் மறுபடி கோடிழுத்து, தட்டு முழுவதும் ஒரே மாதிரியான காலனிகள் மட்டுமே தோன்றும்வரை இதைத் தொடர வேண்டும். 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி இருந்தால், ஐந்து முதல் பத்து மைக்ரோமீட்டர் அளவில் ஓரத்தில் மொட்டுவிட்டுப் பெருகும் செல்களைக் கண்டு உறுதிசெய்யலாம்.

பெருக்குதலும் சோதித்தலும்

ஒரு காலனியில் உள்ள செல்கள் ஒரு குவளைச் சாற்றைக்கூட உடனே நொதிக்கவைக்கப் போதாதவை. அவற்றை நேரே பெரிய கலத்தில் இட்டால், ஈஸ்ட் பெருகி வருவதற்குள் பாக்டீரியா இடம் பிடித்துவிடும். ஆகவே முதலில் 1.020 ஒப்படர்த்தியுள்ள 10 மில்லிலிட்டர் சாற்றிலும், இரண்டு மூன்று நாள் கழித்து 100 மில்லிலிட்டரிலும், பிறகு 1.037 ஒப்படர்த்தியுள்ள ஒரு லிட்டரிலும் எனப் பத்துப் பத்து மடங்காகப் பெருக்க வேண்டும். இந்தப் படிகளில் மட்டும் ஈஸ்ட்டுக்குக் காற்று நன்மை தரும். செல்சவ்வைக் கட்டத் தேவையான ஸ்டெரால்களை உருவாக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால், பாத்திரத்தின் வாயை நுண்ணுயிர் நீக்கிய தாளால் தளர்வாக மூடி, அடிக்கடி சுழற்றிவிடுவது நல்லது.

1.040 ஒப்படர்த்தியுள்ள 20 லிட்டர் ஏல் பீருக்கு ஏறத்தாழ 15,000 கோடி செல்கள் தேவை. நன்கு சுழற்றி வளர்த்த ஒரு லிட்டர் தொடக்கக் கரைசலில் சுமார் 5,000 கோடி முதல் 10,000 கோடி வரை எதிர்பார்க்கலாம் என்பதால், இரண்டு லிட்டர் கரைசல் தயாரித்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆனால் அறியாத ஈஸ்ட்டை 20 லிட்டரில் சோதிப்பது வீண்செலவு. ஒரே சாற்றை நான்கு லிட்டர் வீதம் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஈஸ்ட்டை இட்டு, வெப்பத்தையும் நாள்களையும் சமமாக வைத்து ஒப்பிட்டால்தான் அவற்றின் இயல்பு தெரியும்.

ஒப்பிட வேண்டிய முதல் பண்பு நொதிப்பளவு, அதாவது தொடக்க ஒப்படர்த்தியின் மிகுதியில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது. 1.040இல் தொடங்கி 1.010இல் முடிந்தால், 40 புள்ளிகளில் 30 குறைந்திருப்பதால், நொதிப்பளவு 75 சதவீதம். 65 முதல் 80 வரை இருப்பது பீருக்கு ஏற்றது. அது 90ஐத் தாண்டினால், சாதாரண ஈஸ்ட் உண்ணாத டெக்ஸ்ட்ரின் என்னும் நெடுஞ்சர்க்கரையையும் உடைக்கும் வகை என்று பொருள். செரிவிசியேயின் டயஸ்டேட்டிகஸ் வகையும் பிரெட்டனோமைசிஸும் இத்தகையவை. இவை தரும் வறண்ட சுவை சிலருக்கு மிகவும் விருப்பமானது. எனினும் நொதித்தல் முடிவதற்குள் புட்டியில் அடைத்தால் உள்ளேயே தொடர்ந்து நொதித்துப் புட்டி வெடிக்கும். ஆகவே காட்டு ஈஸ்ட்டால் ஆன எந்தப் பீரையும், ஒப்படர்த்தி மூன்று வாரம் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகே, தடித்த கண்ணாடிப் புட்டிகளில் அடைக்க வேண்டும்.

அடுத்து மணம், தெளியும் வேகம், முடிவு பிஎச் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சாக்கரோமைசிஸ் மட்டும் வேலை செய்த பீரின் பிஎச் பெரும்பாலும் 4.0க்கும் 4.5க்கும் இடையே முடியும், 3.6க்குக் கீழே சென்றால் லாக்டிக் அமிலப் பாக்டீரியா கலந்திருக்கிறது என்று கொண்டு, தட்டில் மறுபடி பிரிக்க வேண்டும்.

சேமித்தல்

நல்ல ஈஸ்ட் கிடைத்த அன்றே அதன் பிரதிகளைச் சேமித்துவிட வேண்டும். தயாரிப்பில் பயன்படுத்தப் பயன்படுத்த அது மாறிக்கொண்டேயிருக்கும். சோதனைக் குழாயில் அகாரைச் சாய்வாக உறையவைத்து, அதன் மேல் கோடிழுத்து வளர்த்து, குளிர்பெட்டியில் நான்கு டிகிரியில் வைத்தால் நான்கைந்து மாதம் நிற்கும். அதற்குள் புதிய சாய்வுக்கு மாற்ற வேண்டும். உறைபெட்டியில் வைப்பவர் கரைசலில் 15 முதல் 25 சதவீதம் கிளிசரின் சேர்க்க வேண்டும். பனிக்கட்டிப் படிகங்கள் செல்களைக் கிழிப்பதை அது தடுக்கும்.

இவற்றைவிட எளிய வழி, நுண்ணுயிர் நீக்கிய காய்ச்சி வடித்த நீரில் சில காலனிகளைக் கலக்கி இறுக மூடிவைப்பது. உணவே இல்லாத நீரில் செல்கள் ஏறக்குறைய உறங்குநிலைக்குச் சென்று, அறைவெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். இம்முறையை 1939இல் அறிவித்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, 1903 முதல் பல ஆண்டுகள் கொழும்பில் பாக்டீரியவியலாளராகப் பணிபுரிந்து வெப்பமண்டலப் பூஞ்சைகளை ஆராய்ந்தவர். குளிர்பெட்டியை நம்ப முடியாத வெப்பநாடுகளுக்கும் பொருந்தும் இம்முறையையே வீட்டில் தயாரிப்பவர் முதலில் கைக்கொள்ளலாம். ஒவ்வோர் ஈஸ்ட்டுக்கும் மூன்று குழாய்களாவது வைத்து, ஒன்றைத் திறக்காமலே காக்க வேண்டும்.

ஒவ்வொரு குழாயிலும் எடுத்த இடம், பொருள், தேதி, எத்தனையாவது கோடிழுப்பு, நொதிப்பளவு, முடிவு பிஎச், மணம் ஆகியவற்றைக் குறித்து ஒட்ட வேண்டும். ஒரு தயாரிப்பின் மண்டியை அடுத்ததற்கு ஐந்தாறு முறை பயன்படுத்திய பிறகு, அது எவ்வளவு நன்றாக இயங்கினாலும், சேமித்த குழாயிலிருந்து புதிதாகத் தொடங்கித் தட்டில் சரிபார்க்க வேண்டும். கலத்தில் நிகழும் தேர்வு ஒருநாளும் நிற்பதில்லை. விரைந்து பெருகும் செல், அடியில் தங்கும் செல், சாராயத்தைத் தாங்கும் செல் எதுவோ அதுவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது, அது சுவையான பீரைத் தரும் செல்லாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முறையான பதிவும் திறக்காத மூலக்குழாயும் இருந்தால்தான், தம் ஊர்ப் பழமரம் ஒன்று தந்த ஈஸ்ட்டை ஒருவர் பத்தாண்டு கழித்தும் அதே இயல்போடு பயன்படுத்தவும், பிறருக்குப் பகிரவும் முடியும்.